யார் எழுந்து போவது, யார் காத்திருப்பது

"இப்படிப்பட்டவரைத்தான் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்கிறவர், அது முழுக்கத் தன் மனம் தேர்ந்ததென்றே நம்புகிறார். காதலில் சமூகம் தலையிடுகிறது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எதிர்ப்பும் தடையும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமும்தான். அவற்றின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தடை கண்ணுக்குத் தெரிகிறது. எதிர்த்து நிற்கவும் முடிகிறது. யார் முதலில் அணுகுவது, யார் காத்திருந்து தேர்ந்தெடுப்பது என்று எங்கும் எழுதிவைக்காமலே வழங்கிவரும் ஏற்பாடோ, நம் விருப்பத்துக்குள்ளேயே புகுந்து நம் குரலில் பேசிவிடுகிறது.

துணையைத் தேர்வதில் பெண்கள் இயல்பிலேயே கறாரானவர்கள், ஆண்கள் அப்படியல்லர் என்பது பலரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. அமெரிக்க உளவியலாளர்கள் எலி ஃபிங்கலும் பால் ஈஸ்ட்விக்கும் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை மிக எளிய வழியில் சோதித்துப் பார்த்தது. முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் சில நிமிடங்கள் எதிரெதிரே அமர்ந்து பேசிவிட்டு அடுத்தவரிடம் செல்லும் 'ஸ்பீட் டேட்டிங்' சந்திப்புகளில், வழக்கமாகப் பெண்கள் தம் இருக்கையிலேயே இருப்பார்கள், ஆண்கள்தான் எழுந்து நகர்வார்கள். 350 கல்லூரி மாணவ மாணவியரைக் கொண்டு நடத்திய இந்தச் சந்திப்புகளில் ஏறக்குறையப் பாதியில், ஆய்வாளர்கள் ஆண்களை உட்காரவைத்துப் பெண்களை நகரச் சொன்னார்கள். வழக்கமான முறையில் பெண்களே அதிகக் கறாராக இருந்தார்கள். முறை மாறியதும் அந்த வேறுபாடு காணாமல் போனது. எழுந்து சென்றவருக்குத் தன்னம்பிக்கையும், எதிரில் இருந்தவர்மீது ஈர்ப்பும் கூடியிருந்தன. நாற்காலியை விட்டு எழுந்து சில அடி நடப்பதே ஒருவருடைய ஆசையை இவ்வளவு அசைக்குமானால், சிறு வயது முதல் "நீ காத்திரு" என்று ஒருவருக்கும் "நீ போய்க் கேள்" என்று இன்னொருவருக்கும் பழக்கிவைத்ததன் விளைவை 'சுபாவம்' என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஏற்பாடு, பிறருடைய மௌனத்தையும் நமக்குத் தவறாகவே படித்துக் காட்டுகிறது. ஜாக்கி வோராயரும் ரெபெக்கா ராட்னரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் முதலில் பேசாததற்கு நிராகரிப்பு குறித்த பயம்தான் காரணம் என்று சொன்னவர்களே, எதிரில் இருப்பவர் பேசாததற்கு விருப்பமின்மைதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். என் தோழி ஒருத்தி தனக்குப் பிடித்த ஒருவருக்கு, "உடம்பு இப்போது தேவலையா?" என்று கைபேசியில் அடித்துவிட்டு அழித்தாள், மறுபடி அடித்து, மறுபடியும் அழித்தாள். "போன தடவையும் நான்தான் அனுப்பினேன், அலைகிறேன் என்று நினைத்துவிடுவார்" என்றாள். அவரும் அந்த நேரத்தில் அதையே எண்ணிக் கைபேசியைக் கீழே வைத்திருக்கக்கூடும். இப்படிச் சண்டையோ சச்சரவோ இல்லாமல் முடிந்துபோகும் உறவுகளை யாரும் சமூகத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

அதற்காகச் சுற்றத்தாரின் சொல்லை உதறிவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பெற்றோர் எதிர்த்தால் காதல் தீவிரமாகும் என்று 1972-இல் ஓர் ஆய்வு சொன்னது, பலருக்கும் பிடித்துப்போனது. 2014-இல் அதை மீண்டும் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. நண்பர்களும் குடும்பமும் ஏற்கும் உறவிலேயே அன்பும் பற்றும் கூடுதலாக இருந்தன. ஆகவே வேண்டியவர்களின் சம்மதத்துக்காக ஏங்குவதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சம்மதமும் காலத்தோடு மாறுகிறது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணப்பதை 1958-இல் அமெரிக்கர்களில் 4 விழுக்காட்டினரே ஏற்றதாகக் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. 2021-இல் அது 94 விழுக்காடு. அன்று அவ்வளவு உறுதியாக மறுத்தவர்களில் பெரும்பாலோர், அப்படி மணந்த ஒரு தம்பதியுடன் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.