கோவொர்க்கிங் இருக்கைக்குக் கம்பெனியே பணம் கட்டுகிறது: நான் வாங்கிய விதம்

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு பேரோல் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வீடு பெங்களூரில், அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில். கம்பெனிக்கு இங்கே ஒரு கிளை இருந்தது. கொரோனாவுக்கு அப்புறம் அதை மூடிவிட்டு, எங்களை நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது இந்திராநகரில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில், அதாவது பல கம்பெனிக்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகத்தில், எனக்கென்று மேசை இருக்கிறது, வாடகை கம்பெனியுடையது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஹாலில் கட்டில் போட்டிருக்கிறோம். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டடம் எழுப்புகிறார்கள். கிளையன்ட்டிடம் சம்பளக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போது டிரில் ஓடும். சத்தம் அடங்குவதற்குள் கரண்ட் போகும், ரூட்டரும் போகும்.

ஆனால் மேலாளரிடம் பேசியபோது இந்தக் கஷ்டங்களை முன்னால் வைக்கவில்லை. கிளை இருந்தபோது ஒவ்வொரு இருக்கைக்கும் வாடகை, கரண்ட், இன்டர்நெட், ஹவுஸ்கீப்பிங் என்று கம்பெனி செலவழித்தது. கிளையை மூடியதும் அந்தச் செலவு மறைந்துவிடவில்லை, எங்கள் வீட்டு பில்களுக்கு வந்துவிட்டது. அதில் ஒரு பங்கைத்தான் திருப்பிக் கேட்கிறேன் என்று மெயில் எழுதினேன். இதைச் சலுகையாகக் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"மாசம் 8,000 வரைக்கும் பார்க்கலாம்மா, சம்பளத்தோட அலவன்ஸா போட்டுடட்டுமா?" என்றார் மேலாளர். வேண்டாம் சார் என்றேன். அலவன்ஸ் என்றால் சம்பளத்தோடு சேர்ந்து அதற்கும் வரி பிடிப்பார்கள். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 8,000 ரூபாயில் செஸ்ஸோடு 1,664 ரூபாய் வரியிலேயே போய்விடும். கம்பெனி பெயரில் பில் போட்டுக் கம்பெனியே கட்டினால் அது அவர்களுடைய தொழில் செலவு, என் வருமானம் இல்லை.

இடம் தேடுவது சுலபமாகவே முடிந்தது. கோரமங்களாவிலும் எச்.எஸ்.ஆர். லே-அவுட்டிலும் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு மெட்ரோவில் அல்சூருக்கு அடுத்த ஸ்டேஷனே இந்திராநகர் என்பதால் அதற்கு மேல் அலையவில்லை. பார்க்கப் போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குப் போங்கள். கூட்டம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் போன் பூத் (போன் பேசுவதற்கான சின்னத் தனியறை) காலியாகக் கிடைக்குமா என்பது தெரியும். சாயங்காலம் எத்தனை மணிக்கு ஏசியை நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று சொல்லும் இடங்களிலும் ராத்திரி ஏசிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். அமெரிக்க கிளையன்ட் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நேரமெல்லாம் போனது நிதிப் பிரிவில்தான். கோவொர்க்கிங் இடத்தில் மேசைக்கு மாதம் 7,500 சொன்னார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 8,850. ஜிஎஸ்டியைத்தான் கம்பெனி கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளுமே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நிதிப் பிரிவு மேடம் கொட்டேஷனைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்ன காரணம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இடத்தை வாடகைக்கு எடுத்தால், கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் விழும். பெங்களூரு கட்டடத்துக்கு மத்திய ஜிஎஸ்டி 9, கர்நாடக ஜிஎஸ்டி 9. எங்கள் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணோ 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண். 29 என்று தொடங்கும் கர்நாடகப் பதிவைக் கிளையை மூடியபோதே ரத்து செய்துவிட்டார்கள். அதனால் கட்டுகிற வரியில் ஒரு ரூபாய்கூட கிரெடிட்டாகத் திரும்பாது. ஒரு மேசைக்காக இங்கே மறுபடி பதிவு எடுத்து ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் கட்டுப்படியாகாது.

எனவே வரியோடு சேர்த்தே 8,000-க்குள் வர வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் காலி செய்ய மாட்டோம் என்ற லாக்-இன்னுக்குச் சம்மதித்ததும் வாடகையை 6,750-க்குக் குறைத்தார்கள், வரியோடு 7,965. இரண்டு மாத டெபாசிட் கேட்டவர்கள் ஒரு மாதத்துக்கு இறங்கி வந்தார்கள். வாடகை கொடுக்கும்போதே வரி பிடிக்கும் டிடிஎஸ்ஸுக்கான வரம்பு 2025 ஏப்ரல் முதல் மாதம் 50,000 ரூபாய் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஒரு இழுபறி. கோவொர்க்கிங்காரர்களுக்கு முன்பணம் வேண்டும். எங்கள் கம்பெனியோ பில் வந்து 45 நாளில் கொடுக்கும். சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவைத் தாண்டிக் கொடுத்தால், பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி இருப்பதால், கோவொர்க்கிங்காரர்கள் சிறு நிறுவனமா என்று பார்க்க அவர்களுடைய உத்யம் பதிவுச் சான்றிதழை வேறு கம்பெனி கேட்டது. "நீங்க உங்க பேர்ல எடுத்துட்டு, பில் வெச்சு வாங்கிக்கோங்களேன்" என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு நான் வேறு வேலைக்குப் போனாலோ, கம்பெனி மனம் மாறினாலோ, மிச்ச மாதங்களின் லாக்-இன் என் தலையில் விழும். கடைசியில் ஒப்பந்தம் கம்பெனி பெயரிலேயே ஆனது, மாதம் பிறக்கும் முன் கம்பெனியின் கிரெடிட் கார்டில் கட்டுவது என்று முடிவானது. யாராவது இந்த வழியில் இறங்கினால், கார்டில் கட்ட முடியுமா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

தகவல் பாதுகாப்புப் பிரிவின் அனுமதியும் வேண்டும். ஐடி தம்பி வீடியோ காலில் வந்து, "அக்கா, நீங்க உட்கார்ற இடத்துல இருந்து லேப்டாப்பைச் சுத்திக் காட்டுங்க" என்றான். என் முதுகுக்குப் பின்னால் நடைபாதை. அங்கே போகிற யாரும் திரையில் இருக்கும் சம்பள விவரத்தைப் படித்துவிடலாம். சுவருக்கு முதுகு காட்டும் மூலை மேசைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும் பிரைவசி ஃபிலிமைக் கம்பெனி கூரியரில் அனுப்பியது. விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் எதையும் திறக்கக் கூடாது, பொதுப் பிரின்டரைத் தொடவே கூடாது. கெடுபிடிதான், ஆனால் நியாயமானது. இன்னொருவர் சம்பளம் நம் கையில் இருக்கிறது.

முதல் பில் என் பெயரில் வந்துவிட்டது. நுழைவு அட்டைக்குக் கொடுத்த ஆதாரிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார்கள். அந்த பில்லை ரத்து செய்யும் கிரெடிட் நோட் போட்டு, கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணோடு புது பில் வாங்கி அனுப்பிய பிறகே அந்த மாதக் கணக்கு முடிந்தது.

எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் சக ஊழியர் ஒருவருக்குத் தினமும் மேசை தேவையில்லை, வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு நாளைக்கு மட்டும் இடம் எடுக்கும் டே பாஸுக்குத் தனித்தனி பில்களை நிதிப் பிரிவு விரும்பவில்லை. கம்பெனி கணக்கில் மொத்தமாகப் பாஸ்களை வாங்கி வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மற்றவர்கள் பெயர்களையும் அதில் சேர்த்திருக்கிறோம்.