சோலார் பேனலுக்கு முன்னால்: மீட்டர் முதல் மொட்டை மாடி வரை செய்து பார்த்தவை

மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் கணக்குப் போடுவது சோலார் பேனலுக்குத்தான். அது கடைசியில் வர வேண்டிய வேலை. வீடு எவ்வளவு குடிக்கிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்று தெரியாமல் பேனல் வாங்கினால், வீணாகும் யூனிட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டிவரும். அதனால் இந்தப் பதிவு மீட்டரிலிருந்து தொடங்குகிறது.

மீட்டரைப் படித்தல்

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைத்துவிடும். 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 75 வாட். மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் 1125-க்குப் பதில் 2250. ஒரே ஒரு இடைவெளியை நம்பாமல் பத்துச் சிமிட்டலுக்கான மொத்த நேரத்தை எடுத்துப் பத்தால் வகுப்பது நல்லது.

ஒரு சாதனத்தை மட்டும் அளக்க, மற்ற எம்சிபிக்களை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சுவிட்சுகளை) இறக்கிவிட்டு அதை மட்டும் ஓடவிட வேண்டும். ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து வோல்டேஜால் பெருக்கும் வழி ஹீட்டர், இஸ்திரிப் பெட்டிக்குச் சரிப்படும். சார்ஜர், எல்இடி, டிவி போன்றவற்றுக்குப் பவர் ஃபேக்டர் (பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வாட்டின் பங்கு) குறைவாக இருக்கும் என்பதால் பெருக்கி வரும் எண் உண்மையான வாட்டைவிட அதிகமாகக் காட்டும். வீட்டு மீட்டர் எண்ணுவது உண்மையான வாட்டைத்தான்.

யாரும் பயன்படுத்தாதபோது ஓடுவது

இரவில் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சிமிட்டலைப் பாருங்கள். ஒன்றுமே ஓடவில்லை என்று நினைக்கும் நேரத்திலும் மீட்டர் விளக்கு சிமிட்டும். அதுதான் ஸ்டாண்ட்பை, அணைத்த சாதனமும் சத்தமில்லாமல் எடுக்கும் மின்சாரம். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற இடைவெளி நீளும். எந்தப் பிளக்கில் சட்டென்று நீண்டதோ அதுதான் ஆள். செட் டாப் பாக்ஸ் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும், ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே விழித்தே இருப்பதால். தொடர்ந்து 10 வாட் ஓடினால் வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல். டிவியையும் பாக்ஸையும் சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் ஒரு சுவிட்சில் வேலை முடிந்துவிடும். ரவுட்டரை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இணையமும் போய்விடும் என்பதால் இரண்டே நாளில் வீட்டில் யாரும் சுவிட்சை அணைக்க மாட்டார்கள்.

ஃபேன்

சாதாரண 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். தினமும் 12 மணி நேரம் முழு வேகத்தில் ஓடும் ஃபேனில் மாதம் 16 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கை எல்லா ஃபேனுக்கும் போட்டுவிடக் கூடாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பழைய ஃபேனும் குறைவாகவே எடுக்கும், வித்தியாசம் சுருங்கிவிடும். எந்த அறையில் அதிக மணி நேரம், அதிக வேகத்தில் ஓடுகிறதோ அங்கே மட்டும் முதலில் மாற்றுவதே சரி. விருந்தினர் அறை ஃபேனை மாற்றுவதில் லாபம் இல்லை.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்றுதான்: பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. பிஎல்டிசி ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு முழு ஏசி (மாறுதிசை மின்சார) அலையை எதிர்பார்க்கிறது. ரெகுலேட்டர் வெட்டிக் கொடுக்கும் அலையில் ஃபேன் முனகும், போர்டு சூடாகும், சில மாதத்தில் போய்விடும். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தால் போதும் என்பதும் பாதுகாப்பான பழக்கம் அல்ல. மெயினை இறக்கி, டெஸ்டரால் ஒயரில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, அதற்கு வந்த இரண்டு ஒயரையும் கனெக்டரில் இணைத்துவிட வேண்டும். சுவிட்ச் மட்டும் இருக்கும். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். ஒயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் ரெகுலேட்டரை எடுத்தாரா என்று நின்று பாருங்கள்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைத்தால், முதலில் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். வருடக்கணக்கில் அதன் மதிப்பு இறங்கி வேகம் குறையும். அதே மதிப்பில் புதியது போட்டால் போதும். கூடுதல் மதிப்புப் போட்டு வேகத்தை ஏற்ற முயன்றால் மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) சூடாகும்.

மொட்டை மாடி

மொத்த வேலையில் அதிக உழைப்பும், உடம்புக்குத் தெரியும் பலனும் இங்கேதான். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. பழசாகிக் கறுத்த கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். அதன்மேல் வெள்ளைக் கோட்டிங், அதாவது வெயிலைத் திருப்பும் பெயிண்ட், அடிப்பதுதான் வேலை; புதிதாக இருக்கும்போது அது ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். கான்கிரீட் தளம் தடிமனானது. மதியம் வாங்கிய சூடு உள்கூரைக்கு இறங்கச் சில மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் சூடான காற்றையே இறைப்பது இதனால்தான்.

கோட்டிங் உரிவதற்குப் பெரும்பாலும் பெயிண்ட் காரணமல்ல, ஈரம்தான் காரணம். வாங்குவதற்கு முன்பே தளத்தைச் சோதிக்க வேண்டும். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் வெயில் ஏறுமுன் உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ தளம் இன்னும் காயவில்லை. அதன்மேல் அடித்தால் முதல் வெயிலிலேயே உள்ளிருந்து எழும் ஆவி கோட்டிங்கைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நிறைய தண்ணீரில் அலசுங்கள். பவுடர் தங்கினால் பெயிண்ட் பிடிக்காது. கழுவிய தண்ணீர் வடிந்தபின்னும் எங்கெல்லாம் குட்டையாக நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, பாலிமர் கலந்த சாந்து பூசி வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்; தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தக் கோட்டிங்கும் நீடிக்காது. நன்றாகத் தெரியும் விரிசல்களை V வடிவில் சற்று அகலமாக்கி அடைக்க வேண்டும். பெயிண்ட்டால் மட்டும் மூடினால் அடுத்த கோடையில் அதே கோட்டில் மறுபடி பிளக்கும்.

முதலில் பிரைமர் (கோட்டிங் நன்றாகப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு). அது காய்ந்தபின் முதல் கோட்டிங் ஒரு திசையில், இரண்டாவது அதற்குக் குறுக்கே. இரண்டும் மெல்லியதாக. மதிய வெயிலில் அடிக்கவே கூடாது: மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து ஊசித்துளை விழும். சொரசொரப்பான தளம் டப்பாவில் போட்டிருப்பதைவிட அதிகம் குடிக்கும். ஒரு சதுர மீட்டரில் அடித்து அளந்துவிட்டு மீதியை வாங்குவது நல்லது. வெள்ளைத் தளத்தின் கூச்சம் கண்ணைத் தாக்கும், கறுப்புக் கண்ணாடி அவசியம்.

கைச்செலவு குறைவாக வேண்டுமானால் சுண்ணாம்பு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பசை கலந்து, மெல்லியதாக மூன்று முறை அடிக்கலாம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. மழையில் கரையும், வருடாவருடம் அடிக்க வேண்டும். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதல் சில மழைக்குக் கழற்றி வைக்கவும். கோட்டிங்கோ சுண்ணாம்போ, மேலே தூசு படிந்தால் பலன் குறையும். வருடம் ஒருமுறை கழுவுங்கள். குளிர் அதிகமுள்ள ஊரில் வெள்ளைக் கூரை வேண்டிய சூட்டையும் விரட்டிவிடும், அங்கே இன்சுலேஷனே வழி.

பலனை உள்கூரையில் அளக்க வேண்டும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் மாலை ஆறுக்கும் இரவு ஒன்பதுக்கும், அடிப்பதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும். அதில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குறிபார்க்கவும்.

ஃபிரிட்ஜும் ஹீட்டரும்

கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரை வெந்நீரில் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பின்பக்கம் கம்பிச்சுருள் இருந்தால் தூசு தட்டி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சிமிட்டல் கணக்கு இதற்கு உதவாது. பிளக்கில் மாட்டும் எனர்ஜி மீட்டரில் 24 மணி நேரம் விட வேண்டும்.

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட் ஆகிறது. ஹீட்டரைக் குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைப்பது, வெந்நீர்க் குழாயின் வெளியே தெரியும் பகுதிக்கு ஃபோம் உறை மாட்டுவது, இப்போதைக்கு இவ்வளவுதான்.

தினமும் ஒரு குறிப்பேட்டில் மீட்டர் காட்டும் யூனிட் அளவோடு அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் எழுத வேண்டும். அது இல்லாமல் இரண்டு மாதத்தை ஒப்பிட்டால், மேகமூட்டத்தால் குறைந்த யூனிட்டை வெள்ளைக் கூரையின் கணக்கில் சேர்த்துவிடுவோம். அடுத்த வேலை மேற்குச் சுவர் ஜன்னல். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின்தான் தடுக்கிறோம். அதனால் ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டி, அதே ஆறு மணி, ஒன்பது மணி அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும்.