எடை போட்டுக் கைமாறும் வெள்ளியும் கணினியின் முதல் சில நொடிகளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர் சென்ற மாதம் தம் கணினியை என்னிடம் கொண்டுவந்தார். கூலிக் கணக்கும் வெள்ளியின் வரவு செலவும் அதில்தான் இருக்கின்றன. ஆன்ட்டிவைரஸை எத்தனை முறை இயக்கி வைத்தாலும் மறுநாள் காலையில் அது அணைந்தே கிடக்கிறது என்பது அவருடைய குறை. கணினியின் விவரங்களைக் காட்டும் எம்எஸ்இன்ஃபோ32 என்ற கட்டளையை ரன் பெட்டியில் தட்டிப் பார்த்தேன். பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்றும், செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆஃப் என்றும் இருந்தது. முன்பு விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், ஏதோவொரு திருட்டு மென்பொருளை ஓடவைப்பதற்காக, கணினி துவங்கும்போதே காவல் காக்கும் அந்த செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார். வேலை முடிந்தபின் திரும்ப இயக்கவில்லை.

“காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கிப் போட்டிருக்கறனே தம்பி, அப்புறம் எப்படி?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அன்று. மதர்போர்டின் சிப்பில் எழுதப்பட்டுள்ள ஃபர்ம்வேர். அது விண்டோஸைத் துவக்கும் சிறு நிரலான பூட் லோடரை எழுப்புகிறது. பூட் லோடர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை எழுப்புகிறது. ஆன்ட்டிவைரஸ் கண்விழிப்பது அதற்கும் பிறகுதான். ஆகவே பூட் லோடர் இருக்கும் இடத்தில் தீய நிரல் புகுந்துவிட்டால், காவலாளி வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டு, அவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கும் நிலையில் அது இருக்கும்.

அவருக்கு அவருடைய தொழிலைக் கொண்டே விளக்கினேன். பட்டறையில் வெள்ளி கம்பி இழுப்பவரிடமிருந்து பற்றவைப்பவருக்கும், அங்கிருந்து மெருகு போடுபவருக்கும் போகும்போது, ஒவ்வொரு கையிலும் எடை போட்டு நோட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த கைக்குத் தருகிறார்கள். கணினியிலும் ஒரு கட்டம் அடுத்த கட்டத்தை இயக்குவதற்கு முன் அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, டிபிஎம் என்னும் சிப்பில் பதிகிறது. இதற்கு மெஷர்டு பூட் என்று பெயர். அது கணக்கு எழுதுமே தவிர யாரையும் தடுக்காது. தடுப்பது செக்யூர் பூட். ஃபர்ம்வேர் நம்பும் சாவியால் கையொப்பமிடப்படாத பூட் லோடரை அது ஓடவே விடாது. ஒன்று தராசு, மற்றொன்று உரைகல். “உரைச்சுப் பாக்காம எவன் வாங்குவான்?” என்றார் அவர். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆபத்து புதிதன்று. 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸே பிளாப்பியின் முதல் பகுதியான பூட் செக்டரில்தான் குடியேறியது. 2016இல் வந்த பெட்யா, வட்டின் முதல் பகுதியில் தன் நிரலை எழுதிக் கணினியை மறுதுவக்கம் செய்து, வட்டைச் சரிபார்ப்பது போன்ற போலித் திரையைக் காட்டிக்கொண்டே உள்ளே கோப்பு அட்டவணையைப் பூட்டியது. 2018இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ் என்ற தீய நிரல் ஃபர்ம்வேர் சிப்பிலேயே எழுதப்பட்டதால், ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் போகவில்லை.

செக்யூர் பூட் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற தீய நிரல் அதையும் கடந்தது. முறையான கையொப்பம் உள்ள, ஆனால் ஓட்டை இருந்த பழைய பூட் கோப்புகளை அது கூடவே எடுத்துவந்து பயன்படுத்தியது. ஓட்டைக்கு 2022 ஜனவரியிலேயே திருத்தம் வந்திருந்தும், அந்தப் பழைய கோப்புகள், செக்யூர் பூட் ஓடவிடக் கூடாதவற்றின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்படாமல் இருந்தன. டிபிஎக்ஸ் எனப்படும் அந்தப் பட்டியல் விண்டோஸ் அப்டேட் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. ஆகையால் அப்டேட்டை நிறுத்திவைப்பவர்கள் தங்களை அறியாமலே காலாவதியான பட்டியலை வைத்துக் காவல் காக்கிறார்கள்.

அண்ணனின் கணக்குகளை முதலில் வெளி வட்டில் நகலெடுத்தேன். வட்டிலிருந்த பார்ட்டிஷன்கள் அனைத்தையும் அழித்து, என் சொந்தக் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கித் தயாரித்த பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டேன். பிறகு ஃபர்ம்வேர் அமைப்புகளான பயாஸுக்குள் சென்று, தயாரிப்பாளர் முதலில் வைத்திருந்த கையொப்பச் சாவிகளை மீட்டமைத்து, செக்யூர் பூட்டை இயக்கி, மாற்றங்களுக்குக் கடவுச்சொல் வைத்தேன். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடும் கணினியில் இதைச் செய்பவர்கள் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பூட் அமைப்பு மாறியதும் டிபிஎம் சாவியைத் தர மறுக்கலாம், அப்போது அந்த 48 இலக்க எண் இல்லாமல் உள்ளே போக வழியில்லை.

கையொப்பங்களைச் சரிபார்க்க செக்யூர் பூட் நம்பியிருக்கும் மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. 2023 சான்றிதழ்கள் ஏறாத கணினி நின்றுவிடாது. ஆனால் பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தின் இரண்டு பழைய கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவற்றுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, வரும் ஞாயிறன்று மலை ஏறுகிறேன்.