கரியரில் நனைந்த விடைத்தாள்

எங்கள் தமிழ் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று ரொறன்ரோவிலிருந்து நண்பன் தொலைபேசியில் சொன்னபோது, இரவு வேலை முடித்து அப்போதுதான் வீடு வந்திருந்தேன். 91 வயது. நோயில் கிடக்கவில்லையாம். "பழைய மாணவர் சங்கத்தின் நினைவு மலருக்கு நீதான் எழுதவேண்டும். உன்னைத்தான் அவர் அடிக்கடி விசாரிப்பார்" என்றான். அவன் கடைசியாகச் சொன்னதுதான் என்னை மேசையில் கொண்டுவந்து இருத்தியது.

எந்த மாஸ்டர் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, வேட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்னரே வகுப்பு வாசலில் நிற்பவர். சட்டைப்பையில் பார்க்கர் 51. அதன் முனை கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரியும். 1941இல் அமெரிக்காவில் வெளிவந்த பேனை அது. அதன் சாயலில் ஷங்காயில் செய்யப்பட்ட ஹீரோ 616 எங்களில் பலரிடம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பேனைகளை மேசையில் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? "அரைவாசி மையுடன் பேனையைப் பையில் போடாதீர். உடம்புச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், மையை வெளியே தள்ளும்" என்பார். விஞ்ஞான மாஸ்டர்கூட அதை எங்களுக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

2003இல் அவர் எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. "நீர் இப்போது எந்தப் பேனையால் எழுதுகிறீர்?" அதற்கு நான் பதில் போடவில்லை.

அவர் ஏன் என்னிடம் மட்டும் அப்படிக் கேட்டார் என்பது 1980இல் ஒன்பதாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாம் தவணைப் பரீட்சை. மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். மாஸ்டர் விடைத்தாள்களைக் கட்டி, பொலித்தீன் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனார். வழியில் எங்கோ பொலித்தீன் கிழிந்துவிட்டது. மறுவாரம் அவர் வகுப்புக்குள் வந்தபோது கையில் காய்ந்து சுருங்கிய தாள்க்கட்டு இருந்தது. எல்லாருடைய தாளும் நனைந்துதான் இருந்தது. புளூபிளாக் மையால் எழுதியவர்களின் எழுத்து ஓரங்களில் சற்றுப் பரவியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. ஒரு தாளில் மட்டும் எழுத்தே இல்லை. மேலிருந்து கீழாக வெளிறிய நீலம் வழிந்து, வானத்தைக் கழுவி ஊற்றியதுபோல் இருந்தது. அது என்னுடையது.

யன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார். "இது யாருடையது?" நான் எழுந்தேன். "இதில் என்ன எழுதினீர், சொல்லும்." முதலாவது கேள்விக்கு எழுதியதைத் தொடங்கினேன். இரண்டு வரிக்குமேல் வரவில்லை. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். "எழுதியது தாளிலும் இல்லை, எழுதியவரிடமும் இல்லை" என்று சொல்லி, அந்தத் தாளை என் கையில் தந்து, மணி அடிக்கும்வரை அதைப் பிடித்தபடி நிற்கச் சொன்னார். நின்றேன். தவணை அறிக்கையில் தமிழுக்கு நேரே 0 விழுந்தது.

எனக்கு ரோயல் புளூ மை வாங்கித் தந்தது அம்மா. பெட்டியில் "கழுவினால் போகும்" என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தவை இரண்டே இரண்டு வெள்ளைச் சட்டைகள். பேனை கக்கினால் சட்டை போய்விடும் என்ற பயத்தில், கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அம்மா அதை வாங்கினார். இதை நான் அன்று மாஸ்டரிடம் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தமிழுக்கு ஏன் பூச்சியம் என்று அம்மா கேட்டபோது அவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். வேப்பமரத்தடி வாங்கில் இருத்தி, தன் மைப்போத்தலிலிருந்து சிறிய மருந்துப் போத்தல் ஒன்றில் புளூபிளாக் ஊற்றித் தந்தார். நம்மவர்கள் அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த எழுத்து தண்ணீரில் கரையாது. தன் போத்தலில் உள்ள மையும் அதே குடும்பம்தான் என்றார். எழுதும்போது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நீலச் சாயம் சேர்க்கிறார்கள், கறுப்பது பிறகுதான். "இன்று எழுதும், நாளைக்குப் பாரும்" என்று ஒரு தாளைத் தந்தார். என் பெயரை எழுதினேன். மறுநாள் அந்தப் பெயர் கறுத்திருந்தது. என் கையெழுத்தை நானே மதிப்போடு பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஆனால் அறிக்கையில் இருந்த 0ஐ அவர் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

1985இல் நான் இலங்கையிலிருந்து புறப்பட்டேன். நம்மில் பலரைப்போல கிழக்கு பெர்லின் வழிதான். அம்மா கழுவி, மடிப்புக் குலையாமல் தேய்த்துத் தந்த வெள்ளைச் சட்டை. பையில் ஹீரோ, அதற்குள் அரைவாசி புளூபிளாக். மாஸ்டர் திங்கட்கிழமைதோறும் சொன்னது அவசரத்தில் மறந்துபோயிற்று. விமானம் மேலே ஏற வெளியழுத்தம் குறைந்து, பேனைக்குள் இருந்த காற்று மையைத் தள்ளிவிட்டது. இறங்கிப் பார்த்தபோது இடது நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அகதி முகாமின் குளியலறையில் அந்தச் சட்டையை எத்தனை தடவை தேய்த்தேன் என்று தெரியாது. அது போகும் மை அல்ல. அம்மா கையால் கழுவித் தந்த கடைசிச் சட்டை அதுதான். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன அம்மா அங்கேயே இறந்துவிட்டார்.

மாஸ்டர் அந்தத் தொடக்க ஆண்டுகளில் மூன்று கடிதங்கள் எழுதினார். இரண்டுக்குப் பதில் போட்டேன். பிறகு வேலை, விசா, கடன், குடும்பம்.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொருட்பட்டியலில் மைப்பேனை இருந்தது. இங்கே ஜெர்மனியில் பென்சிலுக்கு அடுத்ததாகப் பிள்ளைகளின் கையில் மைப்பேனையைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் பல பள்ளிகளில் உண்டு. ஹைடல்பேர்க்கில் செய்யப்படும் லாமி சஃபாரியை வாங்கினோம். 1980இல், நான் அந்தத் தாளோடு நின்ற அதே ஆண்டில், மாணவர்களை மனதில் வைத்து வெளியிட்ட பேனை. விரல்கள் தானாகச் சரியான இடத்தில் உட்காரும்படி பிடிப்பகுதியை முக்கோணமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மை எவ்வளவு மீதி என்று பார்க்க உடலில் ஒரு சாளரம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மையோ ரோயல் புளூதான்! உடுப்பில் பட்டால் கழுவலாம். பிழை விட்டால் அழிக்க ஒரு குச்சியும் விற்கிறார்கள். ஒரு முனையால் தடவினால் நீலம் மறையும், மறு முனையால் அதன்மேல் சரியானதை எழுதலாம். மகள் ஒரு சொல்லை அப்படி மறையச் செய்து காட்டியபோது அவள் சிரித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா வாங்கித் தந்தது தவறான மை அல்ல என்று மாஸ்டருக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், மாஸ்டர். நீங்கள் கேட்டதற்குப் பதில்.

வேலையில் மைப்பேனை உதவாது. இருபது வருடமாக உறைந்த உணவுக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். உள்ளே எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அல்லது அதற்கும் குறைவு. சாதாரண குமிழ்முனைப் பேனையின் மை அந்தக் குளிரில் இறுகிவிடும். படிவத்தில் கீறல் விழும், எழுத்து விழாது. முதல் குளிர்காலம் முழுவதும் பென்சிலால் சமாளித்தேன். பிறகு ஃபிஷர் பேனை வாங்கினேன். விண்வெளிக்குக் கொண்டுபோனார்களே, அதுதான். உறைக்குள் அடைத்த நைதரசன் வாயு மையைத் தள்ளுவதால் குளிரிலும் எழுதும், தலைகீழாகவும் எழுதும். அது என் வேலைச் சட்டையில் எப்போதும் இருக்கும். சோற்றுக்கு உழைத்த பேனை அது, அதற்கு என் மரியாதை உண்டு.

வீட்டில் எழுதுவது மெல்லிய முனை கொண்ட ஜப்பானியப் பைலட் மைப்பேனை. தமிழுக்குத் தடித்த முனை வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ண, ஞ, ணை ஆகிய எழுத்துகளின் சுழிகள் நடுத்தர முனையில் அடைபட்டுப் போகின்றன. ஜப்பான்காரரின் முனைகள் ஐரோப்பிய முனைகளைவிட ஒரு படி மெல்லியவை. ஐரோப்பாவில் மிக மெல்லியது என்று விற்பது அங்கே மெல்லியது. கடையில் முனையைத் தோய்த்து எழுதிப் பார்க்க விடுவார்கள். நான் பத்து 'ண' எழுதுவேன். இடப்பக்கம் சுழலும்போது மட்டும் தாளைச் சுரண்டினால், முனையின் இரண்டு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். அந்தப் பேனையை வைத்துவிடுவேன். தங்க முனை தேவையில்லை. நல்ல உருக்கு முனை எங்கள் காலத்துப் பேனைகளைவிட வழுவழுப்பாக ஓடுகிறது. சங்கத்து இளையவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விலையைப் பார்க்கமுன் பேனையைக் கையில் பிடித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். விரல் வலித்தால் அது உங்கள் பேனை அல்ல.

மை, பெலிகன் 4001 புளூபிளாக். இரும்பு சேர்ந்த மை. அதனால் மாதம் ஒருமுறை பேனையைக் குளிர்ந்த தண்ணீரில், நீலம் வராமற்போகும்வரை அலசுகிறேன். சுடுதண்ணீர் படவிடுவதில்லை. பையில் போடும்போது மை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன். லண்டனில் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே திருமணப் பதிவேட்டில் நெடுங்காலம் இதே வகை மையால்தான் கையொப்பமிட்டார்கள்.

உங்கள் 2003ஆம் ஆண்டுக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்து, தபால் ஒழுங்காக வந்த காலம். "வீடு இருக்கிறது, கூரை இல்லை. புத்தகங்கள் போய்விட்டன. பேனை இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு அந்தக் கேள்வி. நல்ல தாள் வாங்கி, நல்ல பேனை வாங்கி, ஓய்வான ஒரு நாளில் ஆறுதலாக எழுதவேண்டும் என்று ஒத்திவைத்தேன். தாளும் பேனையும் வாங்கினேன். நாட்டுக்கு இரண்டு தடவை வந்தேன், இரண்டு தடவையும் கல்யாண வீடுகளோடு நாட்கள் முடிந்துவிட்டன. உங்கள் படலை வரை வரவில்லை.

இந்தக் கட்டுரையை நேற்று மாலை கையால் எழுதத் தொடங்கினேன். முதலாவது பக்கம் கறுக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் இன்னும் நீலமாக இருக்கிறது.