குலசேகரத்துக்குப் போகாத ஞாயிறுகள்

2022 மார்ச் 22, செவ்வாய், தக்கலை

நான்கரை மாதமாக அசையாமல் நின்ற பெட்ரோல் விலை இன்று காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியது. சென்னையில் லிட்டர் 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல் 102 ரூபாய் 16 காசாகவும், 91 ரூபாய் 43 காசாக இருந்த டீசல் 92 ரூபாய் 19 காசாகவும் உயர்ந்திருக்கின்றன. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் சென்னையைவிட எப்போதும் சற்றுக் கூடுதல்தான். சமையல் எரிவாயு உருளைக்கும் இன்றே 50 ரூபாய் கூட்டிவிட்டார்கள். கடந்த நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளியன்று, கலால் வரி பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைக்கப்பட்டதற்குப் பிறகு விலை மாறவே இல்லை. நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறை 2017 ஜூன் 16 முதல் நடப்பில் இருந்தும், ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை அந்த முறை உறங்கிக் கிடந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கச்சா எண்ணெய் பேரலுக்கு நூறு டாலரைத் தாண்டி, மார்ச் முதல் வாரத்தில் 139 டாலர்வரை சென்று திரும்பியதைப் படித்தபோதே இது வரும் என்று தெரிந்திருந்தது.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. போக வர 35 கிலோமீட்டர் பைக்கில் செல்கிறேன். ஊரார் கணக்கை எழுதுகிறவன் என் வீட்டுக் கணக்கையும் இந்த விலையேற்றம் முடியும்வரை ஒழுங்காக எழுதி வைப்பது என்று இன்று தீர்மானித்தேன்.

மார்ச் 27, ஞாயிறு

இன்று குலசேகரம் போகவில்லை. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பழைய ஆல்ட்டோவில் போய்வர ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், அதாவது இரண்டு லிட்டர் பெட்ரோல். இந்த வாரம் விட்டு அடுத்த வாரம் போகலாம் என்று மனைவியிடம் சொன்னேன், அவளும் மறுக்கவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, "எண்ணெ செலவு பண்ணிட்டு வரண்டாம் மக்ளே, போன்ல பேசுனா போதும்" என்றாள் அம்மா. அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

மார்ச் 28, திங்கள்

நாடு முழுவதும் இரண்டு நாள் பொது வேலைநிறுத்தம். அரசுப் பேருந்துகள் மிகச் சிலவே ஓடின. பேருந்துக்கு மாறிவிடலாம் என்று நேற்றிரவு யோசித்து வைத்திருந்த எனக்கு முதல் நாளே வழி அடைபட்டது. வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை என்று பைக்கிலேயே சென்றேன். சாலை காலியாக இருந்ததால் ஒரே வேகத்தில், நாற்பத்தைந்துக்கு மேல் முறுக்காமல் ஓட்ட முடிந்தது. வழக்கமாகப் பார்வதிபுரத்தை நெருங்கும்போது பிரேக்கும் கிளட்சும் பிடித்தே கை ஓய்ந்துவிடும். இன்று அந்தச் சிரமம் இல்லை.

ஏப்ரல் 2, சனி

ஓட்டும் விதத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் அளந்து பார்க்க விரும்பினேன். டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி வாய்வரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதனால் தூரத்தை வகுத்தால் உண்மையான மைலேஜ் தெரியும். மார்ச் மாதத் தொடக்கத்தில் 45 கிடைத்தது. கடந்த வாரம் டயர்களுக்குக் காற்று சரிபார்த்து, தளர்ந்திருந்த செயினை இறுக்கி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் என்ஜினை அணைத்து, முன்னால் செல்லும் வண்டியைத் துரத்திப் பிடிக்கும் பழக்கத்தை விட்டதில் 50 கிடைத்திருக்கிறது. இவற்றில் எதற்கும் காசு செலவாகவில்லை; காலையில் ஏழெட்டு நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பங்கில் நிற்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். எனக்கு முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட லிட்டர் கணக்கில் கேட்கவில்லை. எல்லாரும் "நூறு ரூபாய்க்கு" என்றே கேட்டார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கேட்டு வந்தேன். அப்படிக் கேட்கிறவருக்கு விலை ஏறியது பங்கில் தெரியாது. வியாழக்கிழமை வரை ஓட வேண்டிய வண்டி புதன்கிழமை மாலையே ரிசர்வில் விழும்போதுதான் தெரியும். ரூபாயைக் கேட்காமல் லிட்டரைக் கேட்பது என்று அன்றே மாற்றிக்கொண்டேன். லிட்டரைக் கேட்டால்தான் விலை கண்ணில் உறைக்கிறது.

ஏப்ரல் 6, புதன்

பதினாறு நாளில் பதினான்காவது உயர்வு. சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு. நூறு ரூபாய்க்கு இப்போது தொள்ளாயிரம் மில்லி லிட்டர்தான் கிடைக்கிறது.

டெல்லியில் 80 காசு ஏறும் நாளில் நமக்கு 76 காசு ஏறுவது ஏன் என்று கடையில் ஒரு தம்பி கேட்டான். தமிழ்நாட்டு வரி இரு பகுதிகளாக இருப்பதுதான் காரணம்: பெட்ரோலுக்கு விலையின்மீது 13 விழுக்காடு ஒரு பகுதி, விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத 11 ரூபாய் 52 காசு இன்னொரு பகுதி. விழுக்காட்டுப் பகுதி சிறியது என்பதால் ஏற்றத்தின்போது மாநில வரி அதிகமாகக் கூடுவதில்லை. சென்ற ஆகஸ்டில் மாநில அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும் நமக்கு ஆறுதல்தான். மத்திய அரசின் கலால் வரியோ இப்போதும் 27 ரூபாய் 90 காசு. 2020 மே மாதத்தில், கச்சா எண்ணெய் மலிந்து கிடந்த காலத்தில், பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே நாளில் ஏற்றப்பட்ட வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 3 ரூபாயும் இன்னும் நம் தலைமீதுதான் இருக்கின்றன. மலிந்தபோது அந்த மலிவு மக்கள் கைக்கு வராமல், விலை ஏறும்போது மட்டும் ஏற்றம் வந்து சேருவது நியாயமன்று என்பதே என் கருத்து.

ஏப்ரல் 8, வெள்ளி

கடை வேலையாகக் களியக்காவிளை சென்றிருந்தேன். எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள பங்கில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் கேரளப் பதிவு எண் கொண்டவை. அங்கே லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் அதிகம் என்பதால், இந்தப் பக்கம் வேலை இருக்கும் நாளில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஏப்ரல் 10, ஞாயிறு

மைத்துனன் வந்திருந்தான். குட்டியானை வைத்து ஏத்தன் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் நாகர்கோவில் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறவன். "அத்தான், முன்னாடி வெறும் வண்டியா திரும்பி வருவேன், ஒண்ணும் தோணாது. இப்ப வெறும் வண்டி ஓடுனா நெஞ்சு அடிக்குது" என்றான். திரும்பும் வழிக்கு லோடு கிடைக்கும்வரை சந்தையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறான். வில்லுக்குறியில் இருக்கும் ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் பேசி, அவருக்கு வேண்டிய மூட்டைகளை ஏற்றி வர ஏற்பாடு செய்துவிட்டான். தனித்தனியாக ஓடிய மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து, ஒரு நாளுக்கு ஒரு வண்டி என்று முறை வைத்துக்கொள்ளவும் பேசுகிறார்களாம். அவன் வாடகையைக் கூட்டியதில் குலைக்குப் பத்து ரூபாய் ஏறியதென்றால், வியாபாரி அதைப் பதினைந்தாக்கிக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கடைசியில் நிற்கிறவர் வாங்கித் தின்கிறவர்தான்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. சென்ற மாதம் வேலூரில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்த செய்தியை மனைவி நினைவூட்டியதும் அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை முதல் நாள். கனி காண அம்மா வீட்டுக்குப் பேருந்திலேயே சென்றோம். மனைவிக்கும் மகளுக்கும் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்கும் மகனுக்கும் மட்டுமே செலவு. அரசுப் பேருந்துக் கட்டணம் 2018க்குப் பிறகு உயரவில்லை என்பதையும், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குச் சென்ற மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதையும் நான் அறிந்தவன்தான். இருந்தும் கார் இருந்ததால் நினைத்துப் பார்த்ததே இல்லை. மனைவி இந்த மாதம் முதல் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் பேருந்திலேயே போய்வருகிறாள்.

நாளை முதல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஜூன் 14 வரை கடலுக்குப் போகா. மேற்குக் கடற்கரையில் இருக்கும் குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் ஜூன் 1இல்தான் தடை தொடங்கும்.

ஏப்ரல் 20, புதன்

மீன்காரர் தெருவுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். இருபது ஆண்டாக மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வீட்டு வாசல்தோறும் ஹாரன் அடித்து நின்றவர், இப்போது சந்திப்பில் ஆலமரத்தடியில் நின்று ஹாரன் அடிக்கிறார். நாங்கள் பாத்திரத்துடன் நடந்து போகிறோம். சந்துசந்தாக வண்டியை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் ஒரு நாளுக்கு அரை லிட்டர் கூடுதலாகப் போகிறது என்று அவர் சொன்னது சரியான கணக்கு. ஆனால் தெருக்கோடியில் இருக்கும் பாட்டியால் சந்திப்புவரை நடக்க முடியாது. இரண்டு நாளாக அவருக்கும் சேர்த்துச் சாளை வாங்கி என் மகள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

ஏப்ரல் 30, சனி

மாதக் கணக்கை முடித்தேன். வேலைக்குச் செல்லும் பைக்குக்கு முந்தைய விலையிலும் முந்தைய மைலேஜிலும் சுமார் 1,970 ரூபாய் ஆகியிருக்கும். புதிய விலையில் பழைய விதமாக ஓட்டியிருந்தால் 2,150 ஆகியிருக்கும். ஓட்டும் விதத்தை மாற்றியதால் 1,940 ரூபாயில் முடிந்தது. ஆகவே பங்கில் நான் ஒன்றும் இழக்கவில்லை. இழந்தது வேறு இடங்களில்: பிள்ளைகளின் பள்ளி வேனுக்கு இருவருக்கும் சேர்த்து 300 ரூபாய் கூடிவிட்டது, மீன், காய்கறி, பழத்தில் சுமார் 350, எரிவாயுவுக்கு 50. சூரியகாந்தி எண்ணெய் ஏறியதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது உக்ரைனிலிருந்து வர வேண்டிய எண்ணெய் நின்றதால் ஏறியது, டீசலால் அன்று.

பிறகு காரின் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் மிச்சமாகியிருந்தது. அது எப்படி வந்தது என்று பார்த்தபோது, "குலசேகரம்" என்று வாரந்தோறும் எழுதும் வரி ஐந்து ஞாயிறுகளாக எழுதப்படவே இல்லை. கனி காணப் போன ஒரு நாளைத் தவிர அம்மாவை நாங்கள் பார்க்கவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்த முடியாது, பள்ளியை நிறுத்த முடியாது, அரிசியை நிறுத்த முடியாது. யாரும் கேள்வி கேட்காத ஒன்றை மட்டும், நான் அறியாமலே நிறுத்தியிருக்கிறேன். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மே 1, ஞாயிறு

காலை முதல் பேருந்தில் குலசேகரம் சென்றேன். அம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆட்டோவில் போய்வருகிறவள், ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூட்டிக் கேட்டதால் இரண்டு முறை வெயிலில் நடந்தே போய்வந்திருக்கிறாள். அதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. நான் பைக்கில் மிச்சம் பிடித்த அதே நாள்களில் அவள் நடையில் மிச்சம் பிடித்திருக்கிறாள். "நீங்க அங்க கஷ்டப்படும்போ எனக்கு என்னத்துக்கு ஆட்டோ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, மாலைவரை அங்கேயே இருந்தேன்.

மே 7, சனி

எரிவாயுவுக்கு மீண்டும் 50 ரூபாய். உருளை ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அம்மா வீட்டில் விறகடுப்பு இருக்கிறது, கைப்பிடி ரப்பர் விறகும் கிடைக்கிறது. எங்களுக்கு அந்த வழி இல்லை. குக்கரில் அரிசியை முன்கூட்டியே ஊறவைப்பதையும், இருவேளைக் குழம்பை ஒரே தடவையில் கூட்டி வைப்பதையும் மனைவி தொடங்கியிருக்கிறாள்.

மே 8, ஞாயிறு

நால்வரும் பேருந்தில் குலசேகரம். அம்மாவின் மாத்திரைகளைத் தக்கலையிலேயே வாங்கிச் சென்றேன். கணக்கு நோட்டில் "இதரச் செலவு" என்ற தலைப்பின் கீழ் இருந்த குலசேகரத்தை எடுத்து, அரிசி, பால், பள்ளிக் கட்டணம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றி எழுதினேன்.

மே 22, ஞாயிறு

நேற்றிரவு அறிவிக்கப்பட்ட கலால் வரிக் குறைப்பு இன்று காலை நடப்புக்கு வந்தது. பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய். சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசுக்கும், டீசல் 94 ரூபாய் 24 காசுக்கும் இறங்கியிருக்கின்றன. நேற்று முழு லோடு இறக்கி வைத்த பங்க்காரர், ஒரே இரவில் பெரிய தொகை போய்விட்டது என்று வருந்தினார். அதிக விலைக்கு வாங்கிய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டிய அவர் நிலை உண்மையிலேயே கடினமானது. பள்ளி வேன்காரரிடம் கேட்டேன்; கூட்டிய 300 ரூபாயைக் குறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மீன்காரரிடமும் கேட்டேன். தெருவுக்குள் இனி வரப்போவதில்லை என்றார்; சந்திப்பில் நிற்பதே அவருக்கு வசதியாகிவிட்டது. பாட்டிக்கு மீன் வாங்கும் வேலை மகளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

இன்று காரை எடுத்தோம். அம்மாவை ஏற்றிக்கொண்டு திற்பரப்புவரை போய்வந்தோம். அருவிக்கு இறங்க அவளால் முடியவில்லை என்பதால் மேலேயே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் எழுதியது: குலசேகரம், திற்பரப்பு, 2.4 லிட்டர். மாத்திரை ஜூன் 5 வரை இருக்கிறது.