தோட்டச் சுவரில் ஒரு கேட் வைக்கப் பதினைந்து மாதம்

போன வாரம்தான் கேட் மாட்டி முடிந்தது. ஒரு மீட்டர் அகலம், ஓக் மரம், இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள். இதற்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. லிஸ்டெட் வீடு, அதாவது பழமைக்காக அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் வீடு, வாங்கியிருக்கும் நம்மவர்கள் தோட்டத்தில் கை வைப்பதற்கு முன் படிக்கட்டும் என்றுதான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் ஒரு கிராமத்தில். பட்டியலில் அதன் தரம் 'கிரேடு டூ'. ஒரு ஜன்னலை மாற்றக்கூட கவுன்சிலிடம் கன்சென்ட், அதாவது லிஸ்டெட் வீட்டுக்கென்றே உள்ள தனி அனுமதி, வாங்க வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும். தோட்டமும் அதில் சேர்த்தி என்பதுதான் உறைக்கவில்லை. லண்டனில் தம்பி வீட்டில் இருந்த அம்மா எங்களோடு இருக்க வந்தார். சக்கர நாற்காலி. முன்வாசலில் மூன்று படி. பின்பக்கச் சந்தோ தோட்டத்தோடு சமதளம். நடுவில் ஆளுயரச் செங்கல் சுவர். அதில் ஒரு கேட் இருந்தால் காரிலிருந்து இறங்கி நேராகத் தோட்டத்துக்கு வந்துவிடலாம்.

2024 ஜனவரியில் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். "லிஸ்ட்டில் இருப்பது வீடுதானே, சுவருக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார் எடுத்தவர். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை, மெயிலில் எழுதித் தரவும் சொல்லவில்லை. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துத் தேதியும் குறித்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்தச் சுவர் என் வீட்டைவிடப் பழையது, கேட்காமல் தொடாதீர்கள்" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் இடித்திருப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே லிஸ்டெட் வீட்டின் வளாகத்துக்குள் நிற்கும் கட்டுமானம் எதுவானாலும் அது வீட்டின் பகுதிதான். பட்டியல் பதிவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டாலும் அப்படித்தான். அனுமதி இல்லாமல் இடித்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். சாதாரண வீடுகளுக்கு இத்தனை வருஷம் ஓடிவிட்டால் நடவடிக்கை கிடையாது என்று ஒரு கெடு உண்டு. இங்கே அது இல்லை. முந்தைய உரிமையாளர் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லி உங்கள் பெயருக்கே நோட்டீஸ் வரலாம். ஆகவே வீடு வாங்கும்போதே சுவர், கேட், கொட்டகை எல்லாவற்றுக்கும் பேப்பர் கேளுங்கள்.

கன்சென்ட் தவிர பிளானிங் பெர்மிஷனும் வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் சாலையோரம் ஒரு மீட்டர், மற்ற இடங்களில் இரண்டு மீட்டர் உயரம் வரை கேட்டோ வேலியோ கேட்காமலே வைக்கலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. தோட்டத்தில் ஒரு ஷெட் போடுவதற்கும் விண்ணப்பம்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே படிவம் இருக்கிறது. கன்சென்ட்டுக்குக் கட்டணம் இல்லை, பிளானிங்குக்கு அப்போது 258 பவுண்டு.

மார்ச்சில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, 'செல்லாது' என்று கடிதம். விண்ணப்பம் எந்த நிலத்துக்கு என்று வரைபடத்தில் காட்டும் சிவப்புக் கோடு சுவரோடு நின்றுவிட்டதாம். பொதுச் சாலை வரை போக வேண்டுமாம். லைசென்ஸ் உள்ள வரைபடத்தை மறுபடி காசு கொடுத்து வாங்கி, கோட்டை நீட்டி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் 'செல்லாது'. சுவருக்கும் சந்துக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு புல்தரை இருக்கிறது. அது பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது. சிவப்புக் கோட்டுக்குள் அடுத்தவர் நிலம் வந்துவிட்டதால், 'எல்லாம் என் நிலம்' என்கிற ஏ சான்று போதாது. அவருக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு பி சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே இரண்டடிப் புல்தரைக்காக இரண்டு கடிதம், ஐந்து வாரம். முதல் தடவையே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. கவுன்சில் முடிவு சொல்ல எட்டு வாரக் கெடு என்கிறார்களே, அது விண்ணப்பம் 'செல்லும்' என்று ஆன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

ஜூனில் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசர் வந்து பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அம்மாவின் வசதி தனிப்பட்ட பலன், பொதுப் பலன் அல்ல. அதற்காகப் பழைய செங்கல்லை வெட்டி எடுப்பதை ஆதரிக்க முடியாது என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தப்பு என் பக்கமும் இருந்தது. கட்டடத்தின் பழமையையும் மதிப்பையும் விளக்கி விண்ணப்பத்தோடு நான் கொடுத்த ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட் ஒரே பக்கம். பட்டியல் பதிவில் இருந்ததையே திருப்பி எழுதியிருந்தேன். அதைச் சரியாகச் செய்யலாம் என்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போனேன். இங்கிலாந்தின் பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை, தனித்தனி வீடும் சுவரும் தெரியும். 1880-களின் தாளில் எங்கள் சுவரைக் கண்டுபிடித்தேன். கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. அதன் வழியாக இரட்டைப் புள்ளிக்கோட்டில் ஒரு பாதை சந்திலிருந்து தோட்டத்துக்குள் வந்தது.

மறுநாள் சாயங்காலம், வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துச் சுவரோரம் நடந்தேன். நாங்கள் கேட் வைக்க நினைத்த இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி, ஐவி கொடிக்குப் பின்னால், மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு மூட்டு. சுவரில் மற்ற இடமெல்லாம் செங்கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்க, அங்கே மட்டும் கத்தியால் கீறியதுபோல் பிரிந்து நின்றன. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி அதேபோல் இன்னொன்று. நடுவில் இருந்தது வேறு நிறச் செங்கல், சிமென்ட் பூச்சு. பழைய வாசலை யாரோ அடைத்திருக்கிறார்கள்! ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, வரைபடத்தோடு சேர்த்து அனுப்பினேன். கேட்டை அங்கே மாற்றினால் பழைய செங்கல் ஒன்றுகூடப் போகாது. ஆபீசரிடமிருந்து இரண்டே நாளில் பதில்: ஆதரிக்கிறேன். செப்டம்பரில் அனுமதி வந்தது.

அதோடு முடியவில்லை, நிபந்தனைகள் இருந்தன. கேட்டின் விவர வரைபடம், சுண்ணாம்புக் காரையில் ஒரு மாதிரிச் சுவர். இரண்டையும் கவுன்சில் எழுத்தில் ஏற்கும் வரை வேலை தொடங்கக் கூடாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சுண்ணாம்பு ஏன் என்பதற்கு எங்கள் சுவரே சாட்சி. சிமென்ட் பூசிய இடத்தைச் சுற்றிப் பழைய செங்கல்லின் முகம் அப்பளம்போல் உரிந்திருந்தது. சுண்ணாம்பு மூட்டு வழியாக ஈரம் வெளியேறும். சிமென்ட் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் செங்கல்லுக்குள் தங்கி, குளிரில் உறைந்து வெடித்துவிடும். மணலின் நிறம் ஒத்துவர மூன்று தடவை மாதிரி கட்டினோம். ஒப்புதல் வந்தபோது நவம்பர் கடைசி. ஐந்து டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை ஆகாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். சரி, ஏப்ரல் வரை காத்திருந்தோம். உங்கள் அனுமதி இலையுதிர்காலத்தில் வரும்போலிருந்தால், நிபந்தனைக்கான தாள்களை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

நேற்று அம்மா அந்த வழியாக வந்தார். நாற்காலியை நிறுத்தச் சொல்லிக் காரையில் விரலை வைத்துப் பார்த்தார். "நம்ம தாத்தா வீட்டுத் திண்ணை மாதிரியே இருக்கு" என்றார்.

மாதிரிக்கு வாங்கிய மணலில் ஒரு மூட்டை கராஜில் இருக்கிறது. சுவரின் மீதிப் பகுதியிலும் சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு வைக்க வேண்டும். அதற்குக் கன்சென்ட் வேண்டுமா என்று திங்கட்கிழமை கவுன்சிலுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத்தில் வந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடுவேன்.