முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்

சென்ற ஆண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவருக்குத் துபாயில் தொழில், லண்டனில் ஓர் அடுக்குமாடி வீடு, சென்னையில் தாமே சம்பாதித்துக் கட்டிய வீடு, அமெரிக்க நிறுவனப் பங்குகள் என நான்கு நாடுகளில் சொத்து இருந்தது. சென்னை வீடு மனைவிக்கே என்று பல ஆண்டுகளுக்கு முன்பே உயில் எழுதியிருந்தார். பின்னர் லண்டன் வீட்டுக்காக அங்கே எழுதிய உயிலின் முதல் வரி, "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்றிருந்தது. வழக்கமாக இடம்பெறும் வரிதான். ஆனால் அந்த ஒரு வரியால் சென்னை உயில் செல்லாது என்று எவரேனும் வழக்காடி வென்றுவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு மனைவி, மகன், தாயார் மூவருக்கும் சம பங்காகப் பிரியும். தாயாரின் பங்கு பிற்பாடு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

பல நாடுகளில் சொத்துள்ள குடும்பங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியைப் பற்றியே முதலில் கேட்கின்றன. எந்தச் சொத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலமும் வீடும் பொதுவாக அவை இருக்கும் நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டவை. முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால், 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகக் கூட்டாட்சிச் சட்டம் பாதியை வாழ்க்கைத் துணைக்கும் மீதியைப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் தருகிறது. பிரான்சிலோ, பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பங்கை உயிலால்கூடப் பறிக்க முடியாது.

வரியிலும் என்னிடம் வந்தவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. இந்தியா 1985இலும் சிங்கப்பூர் 2008இலும் இறப்பின்பேரில் விதிக்கும் வரியை நீக்கிவிட்டதால், அப்படியொரு வரி இருப்பதே நம்மவர் பலரின் நினைவில் இல்லை. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ இல்லாதவர் இறக்கும்போது அவரிடமுள்ள அமெரிக்க நிறுவனப் பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், மிகுதிக்கு 40 சதவீதம் வரை எஸ்டேட் வரி உண்டு. பங்குகளை எந்த நாட்டுத் தரகர் மூலம் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. இந்த வரி குறித்து இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒப்பந்தமும் கிடையாது. லண்டன் வீட்டுக்கும், உரிமையாளர் எங்கே வசித்தாலும், 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்பின்மீது பொதுவாக 40 சதவீத மரபுரிமை வரி இருக்கிறது.

லண்டன் உயிலை, இங்கிலாந்திலுள்ள சொத்துக்கு மட்டும் பொருந்துவதாகவும் பிற நாட்டு உயில்களைப் பாதிக்காததாகவும் அங்குள்ள வழக்கறிஞர் மாற்றி எழுதினார். சென்னை உயிலையும் என்னிடம் வந்தவர் புதிதாக எழுதி இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டார். அதற்கு முன், என் வற்புறுத்தலின்பேரில், மனைவியை அருகில் அமர்த்திச் சொத்துப் பட்டியலை வரிவரியாகப் படித்துக் காட்டினார். அமெரிக்கப் பங்குக் கணக்கு ஒன்று இருப்பதை அந்த அம்மையார் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார்.